பின் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர்: எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு இடைவெளியில்

ஸ்பீக்கரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடக் கிளம்பாதீர்கள். சீட்டுக்கு அடியில் சப்வூஃபர், அதாவது பேஸ் ஒலிக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், வைக்க நினைக்கிற பலர் செய்கிற முதல் தவறு இதுதான். முதலில் இடத்தை அளக்க வேண்டும், அந்த இடத்தில் எவ்வளவு பெரிய பெட்டி போகும், ஸ்பீக்கரின் முகத்தில் அசைகிற கூம்பான கோன் எந்தப் பக்கம் பார்க்கும் என்று முடிவு செய்ய வேண்டும், அந்தப் பெட்டிக்குள் நிற்கிற காற்றின் அளவுக்கு எந்த சப்வூஃபர் ஒத்துவரும் என்று பார்த்துக் கடைசியில்தான் கடைக்குப் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து நான் காசும் இழந்தேன், ஒரு நல்ல ஸ்பீக்கரையும் இழந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது டபுள் கேப், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்கும் அதுதான், குடும்பத்தோடு வெளியூர் போகவும் அதுதான். வி-கிராஸ், ஹைலக்ஸ், பொலேரோ கேம்பர் மாதிரி வண்டிகளில் டிக்கி என்று ஒன்று கிடையாது, பின்னால் இருப்பது திறந்த தொட்டி. ஆகவே சப்வூஃபர் வைக்க மிச்சமிருப்பது பின் சீட்டின் அடிப்பகுதிதான். அதில் 8 அங்குல சப்வூஃபர் இரண்டை வைத்த அனுபவத்தில் எழுதுகிறேன், ஆனால் அளக்கிற முறையும் கணக்கும் எந்த வண்டிக்கும் பொருந்தும். நான் தருகிற மி.மீ. எண்கள் என் வண்டியில் நான் அளந்தவை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பலகை வெட்டிவிடாதீர்கள்.

ஆள் உட்கார்ந்த சீட்டை அளக்க வேண்டும்

காலி சீட்டுக்கு அடியில் டேப் வைத்து அளந்தால் வருகிற உயரம் உங்களை ஏமாற்றும். சீட்டுக்குள் ஸ்பிரிங் கம்பியும் ஃபோமும் இருக்கின்றன. 90 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்து, வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சீட்டின் அடிப்பக்கம் எவ்வளவு கீழே வருகிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற உண்மையான உயரம்.

இதை அளக்கச் சப்பாத்தி மாவை விட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழம் அளவு உருண்டைகள் ஐந்து, ஒவ்வொன்றையும் பாலித்தீன் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். மரத்துண்டுகளை அடுக்கி, சீட்டின் அடிப்பாகத்துக்கு இரண்டு விரல் கீழே வருகிற மாதிரி ஐந்து இடத்தில் வையுங்கள். முன் விளிம்பில் இடது, நடு, வலது, பின் விளிம்பில் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு உருண்டையை வைத்துவிட்டு சீட்டை மடக்கி இறக்குங்கள். அப்புறம் வீட்டில் கனமானவர்கள் யாரோ அவர்கள் மூன்று பேரை உட்காரச் சொல்லி, நாலைந்து முறை கொஞ்சம் குதித்து உட்காரச் சொல்லுங்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் மாவு நசுங்கி நிற்கும். தரையிலிருந்து அந்த மாவின் உச்சி வரை அளந்தால் அதுதான் கணக்கில் எடுக்க வேண்டிய உயரம். என் வண்டியில் காலி சீட்டாக அளந்தபோது 215 மி.மீ., மாவு சொன்னது 182. அந்த 33 மி.மீ.யில்தான் என்னுடைய முதல் பெட்டி வீணாய்ப் போனது.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒரு கடையில் கொடுத்துத்தான் செய்தேன். கோன் மேலே சீட்டைப் பார்க்கிற மாதிரி பெட்டி, காலி சீட்டில் 20 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார்கள், தாராளமாகப் போதும் என்றார்கள். பழனி போகிற வழியில் பின்னால் மூன்று பேர், ஒரு குழியில் வண்டி இறங்கியது, சீட்டின் வளைவுக் கம்பி சப்வூஃபரின் ரப்பர் வளையத்தில் வந்து குத்திக் கிழித்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஆள் உட்கார வைத்து அளக்கிற பழக்கம் வந்தது.

உயரம் தெரிந்ததும் நீள அகலம். பின் சீட்டுக்கு அடியில் தரை சமமாக இருக்கவே இருக்காது. நடுவில் ஒரு மேடு ஓடும், பக்கவாட்டில் கார்ப்பெட் வளைந்து ஏறும், சீட்டின் கீல் கால்கள் நிற்கும், ஜாக்கியும் கைப்பிடியும் மாட்டியிருக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து நிஜ அளவில் ஒரு போலிப் பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். சீட் முழுசாக இறங்கிப் பூட்டுகிறதா, மடக்கும்போது எங்காவது இடிக்கிறதா, சீட் பெல்ட்டின் பூட்டு நசுங்குகிறதா என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டலாம். ஜாக்கியை எடுக்க வேண்டி வந்தால் வண்டியிலேயே வேறு இடம் கண்டுபிடித்துக் கட்டி வையுங்கள், வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

துளை போடுவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பல ஹேட்ச்பேக், செடான் கார்களில் பெட்ரோல் டேங்க் இருப்பதே பின் சீட்டுக்குக் கீழேதான். சீட்டின் குஷனைத் தூக்கினால் ஒரு வட்டமான மூடி தெரியும், அதற்குள் ஃபியூயல் பம்ப். அங்கே ட்ரில்லை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிக்கப்பில் டேங்க் பெரும்பாலும் சேஸிஸ் ஓரமாகத் தொங்கும், ஆனால் தரைத் தகட்டுக்குக் கீழே பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் கட்டு எல்லாம் ஓடும். வண்டிக்குக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒரு ஸ்குரூ கூட இறக்காதீர்கள். என்னைக் கேட்டால் தரையில் துளையே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற போல்ட்டுகளைப் பயன்படுத்தலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மின்சாரக் கார், ஹைப்ரிட் என்றால் இன்னும் கவனம். ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர் எது தெரிந்தாலும் அது உயர் மின்னழுத்தம், கிட்டவே போகக் கூடாது. சில ஹைப்ரிட்களில் பாட்டரியைக் குளிர வைக்கிற காற்று வாயில் பின் சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும், அதைப் பெட்டியால் அடைத்தால் பாட்டரி சூடாகும்.

முன் சீட்டுக்கு அடியில் வைக்க நினைக்கிறவர்களுக்கு மஞ்சள் நிற கனெக்டர்கள்தான் எச்சரிக்கை. அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அமைப்புக்கும் போகிறவை. அவற்றை வெட்டுவதோ அதிலிருந்து மின்சாரம் எடுப்பதோ கூடவே கூடாது. சீட்டைக் கழற்ற வேண்டுமென்றால் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்துத்தான் அந்த கனெக்டரைத் தொட வேண்டும், அது பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும். பின்னால் இருப்பவர்கள் காலுக்குக் காற்று தருகிற ஏ.சி. குழாயும் பல கார்களில் முன் சீட்டின் அடியில்தான் முடிகிறது. இவ்வளவு நெருக்கடியில் சொந்தமாகப் பெட்டி செய்வதை விட, பயனியர், சோனி, ஜேபிஎல், கென்வுட் போன்றவர்கள் விற்கிற, ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் உள்ளேயே சேர்ந்த மெல்லிய சப்வூஃபரை வைப்பது புத்திசாலித்தனம். 7, 8 செ.மீ. உயரம்தான் இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் முழுசாக நகர்த்தி, உயரம் மாற்றுகிற வசதி இருந்தால் அடிமட்டத்துக்கு இறக்கி, அப்போதும் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வைத்தால் போதும். இனி நான் சொல்வதெல்லாம் பின் சீட்டுப் பெட்டியைப் பற்றி.

கோன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

இதில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.3 மீட்டர், 40 ஹெர்ட்ஸ் என்றால் 8.6 மீட்டர். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ்தான், அந்த ஒரு சுரத்தின் ஓர் அலை உங்கள் வண்டி முழுவதையும் விட நீளம். ஆகவே கோன் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும், முன்னால் பார்த்தாலும், திசையால் கேட்பதில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் வருவதெல்லாம் கோனுக்கு முன்னால் மூச்சு விட எவ்வளவு இடம் இருக்கிறது, என்ன பொருள் அதில் இடிக்கும், பெட்டி எதை ஆட்டும் என்பதில்தான்.

மேலே பார்த்து வைத்தால் சீட்டின் ஃபோம் வழியாக அதிர்வு நேராக முதுகுக்கு வரும், சிலருக்கு அது பிடிக்கும். பின் சீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் உட்காருகிற வண்டியில் எனக்கு அது சரியாகப் படவில்லை. என் வண்டியில் நடந்தது போலக் கம்பி குத்துகிற ஆபத்தும் இருக்கிறது. எப்படியும் மேலே பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றால் மாவு அளவிலிருந்து குறைந்தது 40 மி.மீ. விட்டு, கனமான இரும்புக் கிரில் போடுங்கள்.

முன்னால், அதாவது உட்காருகிறவரின் குதிகாலைப் பார்த்து வைப்பது மூச்சு விட நல்லது. ஆனால் அதற்குப் பெட்டியின் முன்பலகை 8 அங்குல ஸ்பீக்கரின் வெளிவட்டத்தை விட உயரமாக இருக்க வேண்டும், அதாவது 220 மி.மீ. பக்கம். என் வண்டியில் 182தான், அது முடியாது. உங்கள் வண்டியில் உயரம் இருந்தால், பலகையைக் கொஞ்சம் சாய்த்து, கால் படாமல் கிரில் போட்டுச் செய்யலாம்.

மிச்சம் இருப்பது கீழே பார்ப்பது. டபுள் கேப்பில் நான் சொல்வது இதைத்தான். கோனை யாரும் உதைக்க முடியாது, கம்பி இடிக்காது, தண்ணீர் மேலே சிந்தினாலும் கோனில் விழாது. ஒரே நிபந்தனை, தரைக்கும் பெட்டிக்கும் நடுவே போதிய இடைவெளி. அது எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கோன் தள்ளுகிற காற்று அதன் விளிம்பைச் சுற்றி வெளியே போக வேண்டும், அந்தச் சுற்றுவழியின் பரப்பு கோனின் பரப்பை விடக் குறையாமல் இருந்தால் நெருக்கடி இல்லை. வட்டத்தின் சுற்றளவை இடைவெளியால் பெருக்கி வட்டத்தின் பரப்புக்குச் சமன் செய்தால், விடை விட்டத்தில் கால் பங்கு. 8 அங்குல சப்வூஃபரில் உண்மையில் அசைகிற கோனின் விட்டம் சுமார் 165 மி.மீ. இருக்கும், அதில் கால் பங்கு 41 மி.மீ. நான் 45 விட்டேன். 25 மி.மீ.யிலும் ஓடும் என்று சொல்வார்கள், ஓடத்தான் செய்யும், ஆனால் சத்தம் ஏற்றும்போது காற்று உரசுகிற இரைச்சல் வரும், கோனுக்கு முன்னால் மாட்டிக்கொண்ட காற்று பாரமாக அதன் மேல் ஏறி, மேல் அலைவரிசை மந்தமாகும்.

இந்த இடைவெளியைக் கார்ப்பெட்டின் மேலிருந்து அளக்க வேண்டும், தகட்டிலிருந்து அல்ல. ஸ்பீக்கரின் ரப்பர் வளையம் பலகையை விட 10, 12 மி.மீ. வெளியே புடைத்திருக்கும், அதற்கு மேல் கோன் ஓட்டத்தில் இன்னொரு 10 மி.மீ. வெளியே வரும். 45 விட்டால் உச்ச ஓட்டத்திலும் 23 மி.மீ. மிஞ்சும்.

காற்று எந்த வழியாக வெளியே போகும் என்றும் பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் கேபின் சுவரோடு ஒட்டி அடைந்துவிடும், பக்கங்களும் பாதி அடைந்துவிடும். மிச்சம் முன்பக்கத் திறப்பு. இரண்டு கோன்களின் பரப்பும் சேர்த்துச் சுமார் 428 ச.செ.மீ. 1100 மி.மீ. நீளப் பெட்டிக்கு அடியில் 45 மி.மீ. திறப்பு என்றால் 495 ச.செ.மீ. முன்பக்கம் மட்டுமே போதுமானதாகிவிட்டது. அந்தத் திறப்பில் ஒரு கம்பி வலையை அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் கவரோ கைக்குட்டையோ உள்ளே உருண்டு போய்க் கோனில் ஒட்டிக்கொண்டு படபடக்கும்.

கீழே பார்த்து வைத்தால் கோன் தன் எடையில் தொங்கிப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்ணை எஃப்.எஸ். என்று காகிதத்தில் போட்டிருப்பார்கள். அதை 6.28-ஆல் பெருக்கி, வந்ததை வர்க்கம் செய்து, 9.81-ஐ அதனால் வகுத்தால் தொங்கல் மீட்டரில் வரும். எஃப்.எஸ். 45 ஹெர்ட்ஸ் என்றால் 0.12 மி.மீ. 7, 8 மி.மீ. ஓடுகிற கோனுக்கு அது ஒன்றுமே இல்லை. எஃப்.எஸ். 20-க்கு இறங்கினால்தான் 0.6 மி.மீ. ஆகும், சீட்டுக்கு அடியில் போகிற மெல்லிய ஸ்பீக்கர்கள் அந்த வகையே அல்ல.

இரண்டு ஸ்பீக்கர்களை நீளவாக்கில் எங்கே வைப்பது? ஒலிக்காகப் பார்த்தால் எங்கே வைத்தாலும் சரி. ஆனால் தரையின் நடுமேடு இடைவெளியைத் தின்றுவிடும் என்பதால் இடது பள்ளத்துக்கு மேலே ஒன்று, வலது பள்ளத்துக்கு மேலே ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் பார்க்கட்டும், ஒரே நேரத்தில் வெளியே வந்து ஒரே நேரத்தில் உள்ளே போகட்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால் அதிர்வு ஒன்றையொன்று சமன் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு வேண்டிய உயரம் சீட்டுக்கு அடியில் கிடைக்காது.

பெட்டி

நான் போட்டது முழுசாக மூடிய பெட்டி. ஓட்டைப் பெட்டி, அதாவது போர்ட் வைத்தது, சத்தம் அதிகம் தரும் என்று கேட்டிருப்பீர்கள். 12 லிட்டர் பெட்டியை 38 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய 2 அங்குலக் குழாய் 30 செ.மீ. நீளம் வேண்டும், அவ்வளவு மெல்லிய குழாயில் காற்று சீறும். சீறாமல் இருக்க 3 அங்குலம் போட்டால் நீளம் 70 செ.மீ. தாண்டுகிறது, குழாயே 3 லிட்டர் இடத்தைத் தின்றுவிடும். சீட்டுக்கு அடியில் அது வேலைக்கு ஆகாது.

மூடிய பெட்டிக்கு வண்டியின் கேபினே உதவி செய்கிறது என்பதும் ஒரு காரணம். கேபினின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகிற இடத்துக்குக் கீழே, அடைத்த கேபினுக்குள் அழுத்தம் தானாக ஏறத் தொடங்கும். இரண்டரை மீட்டர் கேபின் என்றால் அது 68 ஹெர்ட்ஸ் பக்கம். கணக்குப்படி அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் ஏற வேண்டும், கதவு, கண்ணாடி, தகடு எல்லாம் கசிவதால் அதை விடக் குறைவாகவே ஏறும். மூடிய பெட்டியோ தன் அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும். ஒன்று இறங்குகிற இடத்தில் மற்றது ஏறுகிறது, அதனால்தான் ஒரு சின்ன 8 அங்குலம் வீட்டு ஹாலில் தராத அடிநாதத்தை வண்டிக்குள் தருகிறது.

இப்போது என் அளவுகள். மாவு உயரம் 182. அதில் தரை இடைவெளி 45, பெட்டி 120, சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 17. பெட்டியின் வெளி அளவு 1100 நீளம், முன்பின் 280. ஸ்பீக்கர் பொருந்துகிற அடிப்பலகை 18 மி.மீ., மற்றதெல்லாம் 12 மி.மீ. உள்ளே 90 மி.மீ. உயரம், 256 முன்பின், நடுவில் ஒரு 12 மி.மீ. தடுப்பு போக 1064 நீளம். பெருக்கினால் 24.5 லிட்டர், ஒரு பக்கத்துக்கு 12.25. ஸ்பீக்கரின் உடம்பு, உள்கட்டைகள் எல்லாம் கழித்தால் ஒரு பக்கம் சுமார் 11 லிட்டர். மெல்லிய 8 அங்குலம் பலவற்றுக்கு அது போதும். உங்கள் சீட்டின் அடி பின்னால் சாய்ந்து இறங்கினால் பெட்டியும் சாய்வாக வரும், அப்போது முன் உயரத்தையும் பின் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து அந்தச் சராசரியை உயரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுத்தடுப்பை மிச்சம் பிடிக்காதீர்கள். தடுப்பு இல்லாமல் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால், ஒன்று பழுதான அன்று மற்றதற்குப் பெட்டி இரண்டு மடங்காகி அது அளவுக்கு மீறி ஓடிக் கெட்டுப் போகும். தடுப்பு பெட்டியைக் கட்டியும் பிடிக்கும்.

ஸ்பீக்கர் தேர்வு செய்ய, அதன் காகிதத்தில் இருக்கிற மூன்று எண்கள் போதும்: முன்னே சொன்ன எஃப்.எஸ்., கோனைப் பிடித்திருக்கிற இறுக்கம் எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமம் என்கிற வாஸ், கோனின் ஆட்டம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிற க்யூ.டி.எஸ். வாஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். உதாரணமாக வாஸ் 10 லிட்டர், பெட்டி 11 லிட்டர் என்றால் 1.38. இதை எஃப்.எஸ். 45-ஆல் பெருக்கினால் 62 ஹெர்ட்ஸ், பெட்டியோடு சேர்ந்த அதிர்வெண். க்யூ.டி.எஸ். 0.5-ஐ அதே 1.38-ஆல் பெருக்கினால் 0.69. இந்தக் கடைசி எண் 0.7-ஐ ஒட்டி இருந்தால் ஒலி சமனாக, இறுக்கமாக வரும். 1-ஐத் தாண்டினால் ஒரே சுரத்தில் தொம் தொம் என்று இடிக்கும், பாட்டில் தவில் எது, பேஸ் கிட்டார் எது என்றே பிரிந்து கேட்காது. இந்த மூன்று எண்ணையும் தராத ஸ்பீக்கரை, வாட் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள்.

நாலாவது ஒன்று இருக்கிறது, பொருத்தும் ஆழம். என்னுடையது 70 மி.மீ. 18 மி.மீ. பலகை போக 52 உள்ளே வரும், 90-ல் 38 மிஞ்சுகிறது. மேக்னட்டின் பின்னால் காற்றுத் துளை இருக்கிற ஸ்பீக்கருக்குக் குறைந்தது 25 மி.மீ. விடுங்கள், அடைத்தால் காயில், அதாவது கோனை அசைக்கிற ஒயர்ச் சுருள், சூடாகும், மூச்சுத் திணறுகிற மாதிரி சத்தமும் வரும்.

பெட்டி சற்றுச் சிறிதாகிவிட்டால் தலையணைக்குள் அடைக்கிற ரெக்ரான் பஞ்சை உதிரியாகப் பிரித்துப் போடுங்கள். பெட்டிக்குள் அழுத்தம் மாறும்போது வருகிற சூட்டை அந்த நூலிழைகள் வாங்கிக்கொள்வதால் ஸ்பீக்கருக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதானது போலத் தெரியும். திணித்து அடைத்தால் அந்தப் பலன் போய்விடும். மேக்னட்டின் துளையை ஒட்டிப் போடாதீர்கள்.

பலகைக்கு எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, வேண்டாம் என்பேன். ஒலிக்கு அது நல்லதுதான், ஆனால் நம் மழைக்காலத்தில் செருப்போடு ஏறுகிற ஈரமும், ஏ.சி. வடிகுழாய் அடைத்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே தேங்குகிற தண்ணீரும் அதை ஊத வைத்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் கேளுங்கள். மூட்டுகளில் தண்ணீர் தாங்குகிற பசை, 100 மி.மீ.க்கு ஒரு ஸ்குரூ, உள்பக்க மூலைகளில் சிலிக்கான். வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கானை வாங்காதீர்கள், அதன் ஆவி ஸ்பீக்கரின் உலோகப் பகுதிகளை அரிக்கும், நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு அப்புறம் ஸ்பீக்கரை மாட்டுங்கள். மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஸ்பீக்கர் படாத இடங்களில் இரண்டு மூன்று கட்டைகளை நிறுத்துங்கள், 12 மி.மீ. பலகை அவ்வளவு நீளத்தில் தானாகவே அதிரும். ஸ்பீக்கரை மரத்தில் வெறும் ஸ்குரூவால் தொங்க விட வேண்டாம். கீழே பார்த்துத் தொங்குகிற எடை அது, டி-நட் பதித்து போல்ட் போட்டால் பல வருஷம் அசையாது.

கசிவைப் பார்க்க ஒரு வழி. 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓட விட்டு, பற்ற வைத்த ஊதுபத்தியை மூட்டுகளை ஒட்டி நகர்த்துங்கள், எங்கே புகை நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. ஒயர் வெளியே வருகிற துளையை மறக்க வேண்டாம்.

வண்டிக்குள் இறுக்குவது, ஒயர், ட்யூனிங்

பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு சிறு பிள்ளையின் எடை இருக்கும், விபத்தில் அது பறந்து வரக் கூடாது. வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கியைப் பிடித்திருந்த போல்ட் துளைகள், தகட்டில் கம்பெனி விட்ட திரெட் துளைகள், இவற்றிலிருந்து எல்-கிளாம்ப் எடுத்துப் பெட்டியைப் பிடிக்கலாம். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. சீட்டின் கீல் போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும் என்றால் கெட்டியான இரும்புத் தகட்டை மட்டும் அதன் கீழே வையுங்கள், ரப்பர் வாஷர் வைத்தால் நாளாவட்டத்தில் போல்ட் தளர்ந்து சீட்டே ஆடும். கம்பெனி போல்ட்டுக்குப் பதில் ஹார்டுவேர் கடைப் போல்ட்டைப் போடாதீர்கள்.

பெட்டி நிற்கிற கால்களுக்கு ரப்பர் அடித்தட்டு ஒட்டுங்கள், பெட்டியின் மேல் ஒரு 10 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டுங்கள். பெட்டி சீட்டின் இரும்புச் சட்டத்தை எங்கேயும் நேராகத் தொடாமல் இருந்தால் பாதிக் கடகடப்பு முதலிலேயே போய்விடும்.

ஒயரைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டும் சேர்த்து 300 வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்குகிற சக்தி, என்றால், கிளாஸ் டி ஆம்ப் உச்சத்தில் 27 ஆம்பியர் பக்கம் இழுக்கும். 10 ச.மி.மீ. சுத்தச் செம்பு ஒயர், பாட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு 40 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, ஒயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. இஞ்சின் தடுப்புச் சுவரைத் தாண்டுகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். செம்பு பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவாகக் கிடைக்கும், போட்டால் இரண்டு அளவு தடிமனாகப் போடுங்கள். 2 ஓம் இரட்டைக் காயில் ஸ்பீக்கர் இரண்டு என்றால், ஒவ்வொன்றின் காயில்களையும் வரிசையாக இணைத்து 4 ஓம் ஆக்கி, அந்த இரண்டையும் பக்கவாட்டாக இணைத்தால் ஆம்ப்புக்கு 2 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பைப் பெட்டியின் மேல் வைத்து சீட்டால் மூடாதீர்கள், சூடு போக வழி இருக்காது. நான் பின்சுவரில் நிறுத்தி வைத்தேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பாட்டரியை இரண்டு ஸ்பீக்கரிலும் தொட்டுப் பாருங்கள். பாட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே ஒன்று உள்ளே என்றால் ஒயர் மாறியிருக்கிறது, இரண்டு சப்வூஃபர் வைத்தும் பேஸே இல்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இந்த ஒரு ஒயர்தான்.

ட்யூனிங்கில் ஆம்ப்பின் லோ பாஸை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடுகிற வடிகட்டியை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், கதவு ஸ்பீக்கர்களுக்கு உயர்ந்ததை மட்டும் விடுகிற ஹை பாஸ் அதே 80. அதற்கு மேலே விட்டால் பேஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடும், தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்குத்தான் திசை தெரியாது. பேஸ் பூஸ்ட் சுத்தமாக அணைந்திருக்கட்டும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, 80 ஹெர்ட்ஸ் ஒலியைக் கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்க விட்டு, சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றிப் பாருங்கள், எதில் சத்தம் அதிகமோ அதில் விட்டுவிடுங்கள். ஸ்டீரியோவில் டைம் டிலே இருந்தால் ஒரு மீட்டருக்கு 2.9 மில்லி நொடி என்று கணக்கு. சப்வூஃபர்தான் தூரத்தில் இருக்கிறது, ஆகவே முன் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்த வேண்டும், சப்வூஃபரை அல்ல.

கடைசியாகக் கடகடப்பு. போனில் 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறுகிற ஒலியை ஓட விட்டு, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கட்டும். சீட் பெல்ட் பூட்டு, தலைசாய்ப்பின் கம்பி, பின்கண்ணாடி ரப்பர், ஜாக்கியின் கைப்பிடி, இந்த நாலில்தான் பெரும்பாலும் சிக்கும். துணி நாடா சுற்றினாலே நின்றுவிடும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள், முதல் பெருமழைக்கு அப்புறம் சீட்டைத் தூக்கி, பெட்டிக்கு அடியில் கார்ப்பெட் காய்ந்திருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.